புள்ளியும் வேண்டும், சிவப்பும் வேண்டும்: நியோரெகெலியா கலப்புப் பதிவு

எனக்கு வேண்டிய செடியை எந்த நர்சரியிலும் பார்க்கவில்லை. ஒரு சாண் அகலத்துக்குள் அடங்க வேண்டும், இலை முழுக்க ஒயின் சிவப்பாக இருக்க வேண்டும், அதன்மேல் கரும்புள்ளிகள் வேண்டும். சிவப்பான சின்னச் செடி என்றால், அன்னாசிக் குடும்பத்து அழகுச்செடியான நியோரெகெலியாவில் 'ஃபயர்பால்' இருக்கிறது. இப்போது சாலையோர நர்சரிகளில்கூடக் கிடைக்கிறது. புள்ளி என்றால் நியோரெகெலியா கன்சென்ட்ரிகா இருக்கிறது. ஆனால் அது இரண்டடிக்கு விரிந்து மேசையையே அடைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்த வேலையின் பதிவு இது.

செடிகளைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் மகரந்தம் தடவுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது ஒரு காலை நேர வேலை, யாரும் செய்துவிடலாம். நிறமும் புள்ளியும் கைக்கு வருவது அதற்கப்புறம் வருடக்கணக்கில் நடக்கும் கழிப்பில்தான், அதாவது வேண்டாத கன்றுகளைப் பொறுக்கித் தள்ளுவதில். பழைய செடிப் புத்தகங்களில் இந்தக் கழிப்புக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பது என் புகார்.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம், சுற்றிலும் ரப்பர். இரண்டு பருவமழையும் உண்டு, காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ரப்பர் கன்று நட்ட முதல் சில வருடங்கள் வரிசைகளுக்கு நடுவே அன்னாசி போடுவது இங்கே வழக்கம். அந்த அன்னாசியும் நியோரெகெலியாவும் ஒரே குடும்பம், பெயர் புரோமிலியாடு. குடும்பத்தில் 3,000-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் வளரும் ஒரேயொரு பிட்கெய்ர்னியா இனத்தைத் தவிர மற்றெல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. நியோரெகெலியாக்களில் பெரும்பாலானவை பிரேசிலின் கிழக்குக் கரையோர மழைக்காட்டுச் செடிகள். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, இலைகள் சேரும் நடுக்குழியில் மழைநீரைப் பிடித்துவைத்து வாழ்பவை. அந்தக் குழியைத்தான் கீழே 'குடம்' என்று எழுதுகிறேன்.

நிறம் என்று எதைச் சொல்கிறோம்

கலப்பு செய்ய உட்காரும் முன் இதைப் பிரித்துக்கொள்வது நல்லது. 'வித்தியாசமான இலை' என்று நாம் ஆசைப்படுவதில் நான்கு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சந்ததிக்குப் போகும் வழி வேறு.

முதலாவது, இலை முழுக்கப் பரவும் சிவப்பு. இது ஆந்தோசயனின் நிறமி. மரபில் இருந்தால் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். அதே ஃபயர்பாலை மாமரத்தடியில் வைத்தால் பச்சையாக நீண்டு போகும். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே கொண்டுவந்தால் சில வாரங்களில் புதிய இலைகள் சிவக்கும். இரண்டாவது, புள்ளியும் திட்டும். இதுவும் அதே நிறமிதான், ஆனால் இலைத் திசுவில் அங்கங்கே மட்டும் சேர்கிறது. கன்சென்ட்ரிகாவின் கரும்புள்ளி இந்த வகை.

மூன்றாவது, குறுக்கே ஓடும் வெள்ளி வரிகள். இதே குடும்பத்து ஏக்மியா சாண்டினியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது நிறமே அல்ல. தண்ணீரை உறிஞ்சுவதற்காக இலைமேல் படிந்திருக்கும் நுண்செதில்களின் அடுக்கு. நகத்தால் தேய்த்தால் அந்த இடத்தில் வரி போய்விடும், திரும்ப வராது. ஆகவே வரி உள்ள செடியைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். இன்னொரு புரோமிலியாடான விரீசியா ஹைரோகிளிஃபிகாவின் கிறுக்கல் கோலமோ தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது இலைக்குள்ளேயே இருக்கிறது. நான்காவது, நீளவாக்கில் ஓடும் வெள்ளை அல்லது மஞ்சள் பட்டை. பச்சையம் இல்லாத செல்கள் வரிசையாக வருவதால் ஏற்படுவது. இது மற்ற மூன்றையும் போலச் சந்ததிக்குப் போகாது. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது முதலாவதும் இரண்டாவதும். கூடவே சின்ன உருவம்.

ஃபயர்பாலைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேசிலிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்த செடி. இன்ன இனம் என்று முடிவாகாமலேயே அந்தப் பட்டப்பெயரில் நிலைத்துவிட்டது. கலப்பில் இதைச் சேர்த்தால் உருவம் சிறுக்கும், சிவப்பு ஏறும், பக்கக்கன்று நீளமான காம்பில் எட்டிப் போய் நிற்கும் குணமும் வரும். உலகம் முழுவதும் குட்டி நியோரெகெலியாக் கலப்புகளில் இதன் ரத்தம் ஓடுவதற்குக் காரணம் இதுதான். கன்சென்ட்ரிகா நேர் எதிர். அகலமான கனத்த இலை, ஓரத்தில் கறுத்த முள், பூக்கும் சமயத்தில் நடுவில் ஊதா நிறம் படரும்.

கன்சென்ட்ரிகாவைத் தாயாக வைத்தேன். காரணம் அறிவியல் ஒன்றும் இல்லை. ஃபயர்பாலின் குடம் சின்னது, பூக்களும் குறைவு, விரலே உள்ளே போகாது. கன்சென்ட்ரிகாவில் பூக்கள் நெருக்கமாக நிறைய வரும், வேலை செய்ய இடம் இருக்கும்.

இரண்டையும் ஒன்றாகப் பூக்க வைத்தல்

ஒரு இலைக்கொத்து ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்தபின் பக்கக்கன்றுகளை விட்டுவிட்டு மெல்லச் சாகும். அதனால் தாயும் தந்தையும் ஒரே காலத்தில் பூப்பது வெறும் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று அன்னாசி விவசாயிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடி வீடுகளுக்குள் அன்னாசி வளர்த்தவர்கள், புகை போட்டால் எல்லாச் செடியும் ஒருசேரப் பூப்பதைக் கவனித்தார்கள். வேலையைச் செய்தது புகையில் இருந்த எத்திலீன் வாயு, பழுக்கும் பழங்கள் வெளிவிடுவதும் அதுதான். இங்கே தோட்டங்களில் எத்திலீனை வெளிவிடும் எத்திபான் மருந்தை வெறும் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) அளவில், 2 சதவீத யூரியாவும் கொஞ்சம் கால்சியம் கார்பனேட்டும் சேர்த்து, ஒரு செடிக்கு 50 மில்லி வீதம் குருத்தில் ஊற்றுகிறார்கள்.

இரண்டு மூன்று தொட்டிக்காக எத்திபான் பாட்டில் வாங்குவது அநாவசியம். குடத்தில் உள்ள தண்ணீரை முழுக்கக் கவிழ்த்துவிட்டு, தொட்டியோடு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, கூடவே நன்றாகப் பழுத்த வாழைப்பழம் நாலைந்தைப் போட்டு வாயைக் கட்டினேன். நிழலில் ஒரு வாரம். இங்கே கிடைக்கும் மட்டிப்பழமே போதும், ஆப்பிள் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. செடி முற்றியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இளங்கன்றில் இதைச் செய்தால் ஒன்று பூக்காது, அல்லது பேருக்கு இரண்டு பூ பூத்து முடிந்துபோகும். கவரைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குடத்தின் அடியில் மொட்டுக்கூட்டம் தெரியும்.

ஃபயர்பால் முந்திக்கொண்டது. மகரந்தப் பைகளைப் பறித்து, வடிகட்டும் காகிதத்தில் மடித்து, மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். வெளியே வைத்தால் இந்த ஈரத்தில் ஓரிரு நாளில் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் காய்ந்த நிலையில் சில வாரம் தாங்கும். ஃபிரீசரில் இன்னும் நாள் கூடும். டப்பாவின்மேல் செடியின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுவதோடு, 'மசாலா இல்லை' என்றும் எழுத வேண்டியிருந்தது.

தடவும் காலை

நியோரெகெலியாப் பூ தண்ணீருக்கு மேலே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு திறக்கும். ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே நாள். விடியும்போது திறந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். மொத்தக் கொத்தும் ஒரே நாளில் திறக்காது, தினம் இரண்டு மூன்றாகப் பல வாரம் நீளும். மகரந்தம் நனைந்தால் வீண். அதனால் முதல் நாள் மாலையே குடத்தைக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் செடியை வராந்தாவுக்குள் கொண்டுவருவதே மேல்.

இங்கே இன்னொரு போட்டி உண்டு. மார்த்தாண்டம் வட்டாரம் தேனுக்குப் பேர்போனது, ரப்பர் தோட்டம் எங்கும் தேன்பெட்டிகள். வெளிச்சம் வந்ததுமே தேனீக்கள் வந்துவிடும், நாம் எழுந்து டீ குடிக்கும் நேரத்தில் யாருடைய மகரந்தமோ சூல்முடியில் ஒட்டியிருக்கும். ஆகவே தாய்ச்செடிமேல் முந்தின இரவே கொசுவலைத் துணியைக் கட்டிவிடுகிறேன்.

பூவில் மூன்று இதழ், ஆறு மகரந்தத்தாள், நடுவே முறுக்கிய சூல்முடி. நியோரெகெலியாக்களில் பல தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். தாயின் மகரந்தப் பைகளை அவை வெடிப்பதற்கு முன் எடுத்துவிடுவதே இந்தக் காலை வேலையின் முக்கால் பங்கு. மொட்டு விரியப் போகிறது என்று தெரியும் நிலையில், வெளிச்சம் வருமுன், கூர்முனை ட்வீசரால் இதழ்களை மெல்லப் பிரித்து ஆறு பையையும் எண்ணி எடுக்க வேண்டும். ஐந்து எடுத்தாகிவிட்டது போதும் என்று விட்டால், ஆறாவது பை மொத்தக் கணக்கையும் குழப்பும். எடுத்தபின் லென்ஸ் வைத்துச் சூல்முடியைப் பார்க்கிறேன். மஞ்சள் தூள் ஒட்டியிருந்தால் அந்தப் பூவையே கிள்ளிப் போட்டுவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்துச் சூல்முடி பளபளவென்று ஈரமாகும். அப்போது ஃபயர்பால் மகரந்தத்தைத் தடவிவிட்டு, மறுபடி வலையைக் கட்டிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

பூக்கள் நெருக்கியடித்து நிற்பதால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு மகரந்தம் தடவி நூல் கட்டி அடையாளம் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒரு கொத்துக்கு ஒரே தந்தை என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. தடவாமல் விட்ட பூக்களை அன்றன்றே கிள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் அங்கே பிடிக்கும் காய் எல்லாம் நம் கணக்கில் வரும்.

காயிலிருந்து டப்பாவுக்கு

ஓரிரு மாதத்தில் காய்கள் பருத்து மேலே தள்ளிக்கொண்டு வரும். லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிட்டால் பழுத்துவிட்டது என்று பொருள். வலுக்கட்டாயமாகப் பிடுங்க வேண்டாம். பழத்தைப் பிதுக்கினால் வழவழப்பான கூழோடு பல பத்து விதை வெளியே வரும். இந்தக் கூழுக்கு எறும்பு எங்கிருந்து வருமோ தெரியாது, தொட்டிக் காலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தியிருந்தும் வந்தது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் விதைகளை அலசி, மெல்லிய துணியில் வடிகட்டி, காகிதத்தில் பரப்பி ஒரு நாள் காயவிட்டேன். இந்த விதையைச் சேமித்து வைக்கும் எண்ணம் வேண்டாம், புதிதாக இருக்கும்போதே விதைப்பதுதான் முளைக்கும். விரீசியாவாக இருந்தால் கதை வேறு. அதில் பழம் கிடையாது, பஞ்சு கட்டிய விதையோடு வெடிக்கும் காய், அது முற்றவே பல மாதம் பிடிக்கும்.

விதைக்க மூடி போட்ட பிரியாணி டப்பாதான். அடியில் கொஞ்சம் பெர்லைட், மேலே நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்த்துகள். கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, விதையை மேலாகத் தூவினேன். மண் மூடக் கூடாது, இந்த விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளை வரும். டப்பாவை மூடி, நேர் வெயில் விழாத ஜன்னலோரத்தில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் பச்சைப் பொடி தூவினாற்போல் மேற்பரப்பு நிறைந்துவிடும்.

அதன்பின் ஆறு மாதம் பாசியோடு மல்லுக்கட்டுவதுதான். உரம் கொஞ்சம் கூடினாலும், தண்ணீர் தேங்கினாலும், முளையைவிடப் பாசி வேகமாக வளர்ந்து அதை மூடிவிடும். எனக்குப் பலன் தந்தது ஒன்றே ஒன்று. கட்டைவிரல் நகம் அளவு வருவதற்கு முன்பே, பாசி தெரிந்த அன்றைக்கே, முளைகளை நனைந்த பல்குச்சியால் தூக்கிப் புதிய டப்பாவுக்கு மாற்றுவது. பூஞ்சைக் கொல்லி தெளித்துச் சரிக்கட்டலாம் என்று நினைப்பவர்கள் லேபிளைப் பார்க்க வேண்டும். அதில் காப்பர் இருந்தால் தொடவே கூடாது. புரோமிலியாடுக்குத் தாமிரம் விஷம்.

எங்கள் ஊருக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல. மழைக்கு முன்னால் ரப்பர் இலை உதிர்வு நோய்க்காகப் போர்டோ கலவையோ காப்பர் ஆக்ஸிகுளோரைடோ அடிப்பார்கள், காற்றில் அது எவ்வளவு தூரமும் வரும். பக்கத்துத் தோட்டத்தில் என்றைக்கு மருந்தடிப்பு என்று கேட்டு வைத்துக்கொண்டு, அன்று மேசை முழுவதையும் தார்ப்பாயால் மூடிவிடுகிறேன். இதே காரணத்தால் செம்புக் கம்பியில் லேபிள் கட்டுவதும் வேண்டாம்.

நடுவில் ஒரு கிளைக்கதை: வெள்ளைப் பட்டை

கன்சென்ட்ரிகா வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, பட்டை போட்ட செடிகளையும் முயன்று பார்த்தேன். நியோரெகெலியா கரோலினேயில் 'ட்ரைகலர்' எல்லோருக்கும் தெரிந்தது. பச்சை ஓரம், நடுவில் தந்த நிறப் பட்டை, பூக்கும்போது நடு சிவக்கும். இவ்வளவு சீரான பட்டை உள்ள செடியைத் தாயாக வைத்தால் பட்டைபோட்ட குழந்தைகள் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது.

இந்தச் செடியின் வளர்முனையில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு அடுக்குக்குப் பச்சையம் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. சேர்ந்து வளர்வதால் பட்டை. ஆனால் முட்டைசெல் உருவாவது ஏதாவது ஒரு அடுக்கிலிருந்துதான். பச்சையம் இருக்கும் பசுங்கணிகம் பெரும்பாலும் தாயின் முட்டை வழியாகவே பிள்ளைக்குப் போகிறது, மகரந்தம் அதைக் கொண்டுவருவதில்லை. முட்டை வெள்ளை அடுக்கிலிருந்து வந்தால் விதை எல்லாம் வெள்ளை முளை. பச்சை அடுக்கிலிருந்து வந்தால் எல்லாம் பச்சை. பட்டைச் செடியைத் தந்தையாக வைப்பதிலோ இந்த வகையில் ஒரு பயனும் இல்லை.

பயன் தருவது அழகில்லாத செடி. சீரான பட்டை இல்லாமல், மெல்லிய கோடுகள் தாறுமாறாக ஓடும் செடி. அதன் பூக்காம்பிலும் காயிலும் கோடு தெரிந்தால் இன்னும் நல்லது. அதைத் தாயாக வைத்தால் முளைகளில் பச்சை, வெள்ளை, கோடு மூன்றும் கலந்து வரும். கோஸ்டா ரிகாவில் செஸ்டர் ஸ்கோடாக் பட்டைபோட்ட நியோரெகெலியாக்களை வரிசையாக உருவாக்கியது தாயைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறையில்தான். என்னிடம் ட்ரைகலரின் ஒரு பக்கக்கன்று அப்படிக் கலைந்த கோடுகளோடு வந்தது, அதை வைத்தே விதை எடுத்தேன். வெள்ளை முளைகள் பார்க்கக் கண்கொள்ளாது. விதையில் இருந்த சத்து தீரும்வரை நின்றுவிட்டு, ஒன்றுவிடாமல் கரைந்துபோயின. கோடுள்ளவை கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். அவற்றிலும் சில வளர வளரப் பச்சையாகிவிட்டன, ஏனென்றால் பச்சைப் பகுதிதான் சாப்பாடு தயாரிக்கிறது, அது எப்போதும் முந்தும். மிஞ்சியவை இன்னும் சின்னவை. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் சேரவில்லை.

கழிப்பு

ஃபயர்பால் கலப்புக்குத் திரும்புகிறேன். முதல் வருடம் முழுக்க எல்லாமே பச்சை, எது எது என்று சொல்லவே முடியாது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் உரத்தைக் கூட்டி அவசரப்படுத்துவார்கள். நைட்ரஜன் கூடினால் இலை நீண்டு, சிவப்பு மங்கி, புள்ளி கரைந்துவிடும். அப்படி வளர்ந்த செடியைப் பார்த்து நல்லது கெட்டது முடிவு செய்வது அநியாயம். மெதுவாகக் கரையும் உரத்தை விதைத்தட்டுப் பருவத்தில் மட்டும் துளி அளவு கொடுத்தேன். சின்னத் தொட்டிக்கு மாற்றியபின் தண்ணீர் மட்டும். கலவை: நார்த்துகள், உடைத்த கரி, சல்லி அளவு செங்கல் துண்டு. வேர் இருப்பது பிடித்துக்கொள்ளத்தான், செடி சாப்பிடுவதும் குடிப்பதும் பெரும்பாலும் இலை வழியாக. அதனால் நல்ல மண் கொடுத்து உபசரிக்க வேண்டியதில்லை.

கழிக்கும்போது நான் வைத்துக்கொண்ட விதி ஒன்று: எல்லாச் செடியும் ஒரே வலைக்குக் கீழே, ஒரே வரிசையில், குறைந்தது ஒரு கோடைகாலம் நின்ற பிறகே தீர்ப்பு. வலையின் மேற்கு ஓரத்தில் நின்ற செடி வெயில் பட்டுச் சிவந்திருக்கும், அதன் தம்பி நிழலில் பச்சையாக இருப்பான். வித்தியாசம் மரபில் இல்லை, மேசையில். அதனால் வாரத்துக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றி வைக்கிறேன். சலிப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாமல் 'நிறம் வந்தது' என்று சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை.

முதல் சுற்றில் கழிந்தவை: குருத்து கோணலாக வந்தவை, ஓர முள் கையைக் கிழிப்பவை, தண்ணீரைப் பிடிக்காமல் சிந்துபவை. நிறத்தைப் பார்க்கவே இல்லை. குடம் சரியாக இல்லாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலைக்காது. இரண்டாம் சுற்றில் உருவம். தாயைப்போல் விரியத் தொடங்கியவை போயின. மூன்றாவது சுற்றில்தான் நிறம். சிவந்தவற்றில் புள்ளி தெரியவில்லை, புள்ளி தெரிந்தவை சிவக்கவில்லை. இது எதிர்பார்த்ததுதான் என்றாலும் வரிசையாக நிற்கும்போது பார்க்கச் சங்கடமாக இருந்தது. சிவப்பு அடர்ந்தால் கரும்புள்ளி அதற்குள் அமுங்கிவிடுகிறது, இரண்டும் ஒரே நிறமி என்பதால். புள்ளி எடுப்பாகத் தெரிய அடி நிறம் கொஞ்சம் வெளுத்திருக்க வேண்டும். அதாவது, நான் ஆரம்பத்தில் கேட்ட ஒயின் சிவப்பும் கரும்புள்ளியும் ஒன்றையொன்று விழுங்குபவை.

ஆகவே அளவுகோலை மாற்றினேன். வேண்டியது செங்கல் நிறம், ஆரஞ்சு கலந்த சிவப்பு, வெண்கல நிறம், இவற்றில் ஒன்று. அதன்மேல் புள்ளி.

கழித்தவற்றை ஒரு பெரிய கூடையில் கொண்டுபோய்க் கம்போஸ்ட் குழியில் கொட்டும்போது, அன்னாசி போடும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்குடே இதெல்லாம் தூரக் கொட்டுக? நல்லாத்தானே கெடக்கு."

"நல்லாத்தான் இருக்குண்ணே. இருந்தாலும் இதே மாதிரி ஏற்கனவே ஆயிரம் இருக்கு."

"அதுக்கு? வச்சா வளரப்போவுது. கொண்டா, நான் கெணத்தடியில வைக்கேன்."

கொடுத்தேன், பெயர் எழுதாமல். கலப்புப் பிரியர்களுக்குள் இதில் சண்டை உண்டு. கழித்ததை வெளியே விடவே கூடாது, பிறகு யாராவது அதற்கு ஒரு பெயர் வைத்து விற்பார்கள் என்பது ஒரு கட்சி. நானும் கிட்டத்தட்ட அந்தக் கட்சிதான். நியோரெகெலியா 'மார்மொராட்டா' என்ற பேரில் விற்கப்படுபவற்றில் பல, வேறு ரத்தம் கலந்தவை என்று ஆனதற்குக் காரணமே இப்படிப் பேரில்லாமல் சுற்றிய செடிகள்தான். ஆனால் கிணற்றடி கிணற்றடிதான், நர்சரி அல்ல.

கிணற்றடியில் வைத்தபின் சுகாதாரப் பணியாளர்கள் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், ஒவ்வொரு குடமும் அதற்கு ஒரு தொட்டி. வாரம் ஒருமுறை ஹோஸ் பைப்பால் ஒவ்வொரு குடத்திலும் தண்ணீர் வழிந்தோட அடிப்பது என் வழக்கம். தேங்கிய தண்ணீரும் மாறுகிறது, புழுவும் வெளியேறுகிறது. விட்டுப்போகும் இடங்களுக்குப் பி.டி.ஐ. என்ற, கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாக் குருணை போடலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லும் யோசனைகளைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மிஞ்சியது

ஐம்பது அறுபது கன்றுகளிலிருந்து கடைசியில் மேசையில் நிற்பவை நான்கு. உருவம் இரண்டு பெற்றோருக்கும் நடுவில், ஏறத்தாழ ஒரு அடி. சாண் அகலம் என்பது இந்தத் தலைமுறையில் கிடைக்கவில்லை. ஒன்றில் வெண்கல நிறத்தின்மேல் இலையின் மேல்பாதியில் மட்டும் திட்டுத்திட்டாகப் புள்ளி. இன்னொன்றில் புள்ளி அடிப்பக்கத்தில்தான் அதிகம், தலைக்கு மேலே தொங்கவிட்டால் அழகு. மூன்றாவது ஆரஞ்சு கலந்த சிவப்பு, புள்ளி மங்கல், ஆனால் பக்கக்கன்று ஃபயர்பாலைப்போல் தாராளமாக விடுகிறது. நான்காவதை ஏன் வைத்திருக்கிறேன் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. குடத்தின் உள்விளிம்பில் ஊதா வளையம் ஒன்று வருகிறது, அதற்காக இருக்கலாம்.

இவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் பதிய வேண்டுமென்றால் உலகளவில் அந்தப் பதிவேட்டை நடத்துவது 1950-இல் தொடங்கிய பன்னாட்டு புரோமிலியாடு சங்கம். பெற்றோர் யார், படம், விவரம் கொடுத்து, ஏற்கனவே இல்லாத பெயராகப் பார்த்துப் பதிய வேண்டும். அதற்கு முன் ஒரு செடி தன் பக்கக்கன்றிலும் அதே நிறத்தைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தலைமுறைக் கன்றாவது வளர்ந்து முற்றும்வரை அவசரமில்லை. 1879-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தாவரவியலாளர் மொரென் காட்டிய விரீசியாக் கலப்புதான் புரோமிலியாடுகளில் முதலாவது என்பார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஆயிரக்கணக்கில் பெயர்கள் குவிந்துவிட்டன, அதில் பாதிக்குமேல் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாது என்பது என் கணிப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிரேஸ் குட் அம்மையார் பல பத்தாண்டுகள் நியோரெகெலியாக்களைக் கலந்தார். அவர் செடிகளின் படங்களைப் பார்த்தால் எதைக் கழிக்க வேண்டும் என்பதற்குக் கண் பழகும்.

அடுத்த சுற்றுக்கு இரண்டு வழி இருந்தது. நான்கில் ஒன்றை மறுபடி ஃபயர்பாலோடு சேர்த்தால் உருவம் சிறுக்கும், ஆனால் புள்ளி இன்னும் நீர்த்துப்போகும். இரண்டை ஒன்றோடொன்று சேர்த்தால், அல்லது ஒன்றைத் தன்னோடு தானே சேர்த்தால், பாட்டன் பாட்டி குணங்கள் பிரிந்து பிரிந்து வெளியே வரும். நல்லது வர வாய்ப்பு உண்டு, ஆனால் அது எப்போதாவது ஒன்றுதான். அதற்கு இப்போது வளர்த்ததைப்போல் பல மடங்கு கன்று வேண்டும், மேசையும் வேண்டும். இரண்டாவது வழியையே எடுத்தேன். வெண்கலமும் ஆரஞ்சும் இந்த ஜூனில், வாழைப்பழக் கவரின் தயவில், ஒன்றாகப் பூத்தன. விதை முளைத்துவிட்டது, டப்பாக்கள் ஜன்னலோரத்தில். சிவப்பைப் பார்த்து மயங்கிப் புள்ளியை விட்டுவிடக் கூடாது என்பதற்காக, இந்த முறை முதல் சுற்றுக் கழிப்பை நிழலிலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன். வெளிச்சம் குறைந்த இடத்திலும் புள்ளி காட்டும் கன்று எதுவோ, அதை மட்டும் பிறகு வலைக்குக் கீழே ஏற்றுவதாகத் திட்டம்.